ஓவர்டைம் கணக்கும் பைத்தானும்

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் அந்த 46 வயதுக்காரருக்குக் கம்ப்யூட்டர் மீது ஆசை இருந்ததில்லை. இருந்ததெல்லாம் சந்தேகம்தான். மாதக் கடைசியில் கான்ட்ராக்டர் நீட்டும் சீட்டில் ஓவர்டைம் தொகை எப்போதும் அவரது மனக்கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும். கேட்டால், "கம்ப்யூட்டர் போட்ட கணக்குண்ணா" என்று பதில் வரும். கம்ப்யூட்டரோடு யார் சண்டை போடுவது?

வாளையாரில் வீடு. மகள் பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. கேரளப் பள்ளிகளில் பைத்தான் பாடமாகவே வந்துவிட்டது. ஒரு நாள் மாலை அவள் பழைய லேப்டாப்பில் ஓர் ஆமையை ஓட்டிக்கொண்டிருந்தாள். 100 புள்ளி நகர், 90 டிகிரி திரும்பு, இதை நான்கு முறை செய் என்றால் திரையில் சதுரம்.

"ஏன் கண்ணு, இது என்ர கணக்கைப் போடுமா?"

"போடும்ப்பா."

நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ராஸம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதத் தொடங்கி 1991ல் வெளியிட்ட மொழி இது. பெயர் பாம்பிலிருந்து வந்ததல்ல, பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு ஒன்றிடமிருந்து வந்தது. 'இஃப்', 'ஃபார்' என்று அதற்கே ஒதுக்கப்பட்ட ஆங்கிலச் சொற்கள் மொத்தம் 35தான். 2008ல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து, நாம் வைக்கும் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். (கட்டளைகளும் தமிழில் வேண்டுவோருக்கு, முத்தையா அண்ணாமலை பைத்தானில் உருவாக்கிய 'எழில்' இருக்கிறது.) எனவே அப்பாவின் முதல் நிரலில் மணி, கூலி, தொகை எல்லாம் தமிழ்.

ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். 5 மணி என்று தட்டி, இரண்டால் பெருக்கச் சொன்னார். 55 என்று வந்தது! கிடைத்தால் யார் வேண்டாமென்பார்? கீபோர்டில் தட்டுவதை பைத்தான் எண்ணாக அல்ல, எழுத்தாகவே வாங்கிக்கொள்கிறது. 5 என்ற எழுத்தை இரண்டு முறை எழுதினால் 55தானே. 'இன்ட்' என்று சொல்லி அதை எண்ணாக மாற்றினாள் மகள். 5 மணிக்கு 10 வந்தது.

அடுத்து இரண்டரை மணி. 2.5 என்று தட்டியதும் பிழைச் செய்தி. 'இன்ட்' முழு எண்ணுக்கு மட்டும். அரைக்கும் காலுக்கும் 'ஃப்ளோட்' வேண்டும். இதைக் கேட்டதும் அவர் கான்ட்ராக்டரின் சீட்டைத் தேடி எடுத்தார். பாக்கெட் நோட்டில் அவர் குறித்திருந்த இரண்டரையெல்லாம் சீட்டில் இரண்டாகியிருந்தது. பைத்தானாவது முடியாது என்று சொல்லிவிட்டது. சீட்டு சத்தமில்லாமல் அரையை விழுங்கியிருந்தது. 12 நாளில் 6 மணி. மணிக்கு 75 ரூபாய் கூலி, இரட்டித்தால் 150. ஆக 900 ரூபாய்.

மறுநாள் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டினார். அடுத்த மாதம் சேர்த்துத் தருவதாகக் கான்ட்ராக்டர் சொல்லியிருக்கிறார். இன்னும் வரவில்லை. அதற்குள் அதே ஷிப்டைச் சேர்ந்த இரண்டு பேர் தங்கள் நோட்டுகளோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கூலி வேறு. ஒரே நிரலை மூன்று பேருக்கும் ஓட்டுவது எப்படி என்று மகளிடம் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்.