பட்டியலில் இல்லாத ஊரின் காற்று

2024 மார்ச் மாதத்தில் பெகுசராய் என்னும் பெயர் ஓரிரு நாட்கள் நாடெங்கும் செய்தித்தாள்களில் அடிபட்டது. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஐக்யூஏர் நிறுவனம் வெளியிட்ட உலகக் காற்றுத் தர அறிக்கை, 2023-ஆம் ஆண்டில் உலகிலேயே மிகவும் மாசடைந்த பெருநகரப் பகுதி என்று பீகாரின் இந்த ஊரைக் குறித்திருந்தது. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளின் ஆண்டுச் சராசரி, கன மீட்டருக்கு 118.9 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 5. நம் நாட்டின் வரம்பு, தாராளமாகவே வைக்கப்பட்டது, 40. "நீ அடிக்கடி போய் வருகிற ஊர்தானே அது?" என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். ஆம், அதே ஊர்தான். நகர உள்ளாட்சிகளின் நிதிநிலை குறித்த என் முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் தங்கியிருக்கும் ஊர்களில் அதுவும் ஒன்று.

செய்திகள் பெரும்பாலும் கவனிக்காமல் விட்ட ஒரு விவரம் உண்டு. அதற்கு முந்தைய 2022-ஆம் ஆண்டின் பட்டியலில் பெகுசராய் எந்த இடத்திலும் இல்லை. பன்னிரண்டு மாதங்களில் ஓர் ஊரின் காற்று ஒன்றுமில்லாத நிலையிலிருந்து உலக முதலிடத்துக்குக் கெட்டுப்போகாது. கணக்கில் எடுத்துக்கொள்ளத்தக்க அளவீடு அப்போதுதான் வந்து சேர்ந்தது, அவ்வளவே. இந்தப் பதிவு முழுவதும் அந்த ஒரு விவரத்தைச் சுற்றியதுதான்.

ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கங்கையின் வடகரையில் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரத்தில் இரண்டரை லட்சம் பேர். அருகிலுள்ள சிமரியா கிராமம் இந்திக் கவிஞர் ராம்தாரி சிங் தின்கர் பிறந்த ஊர். பண்டைய இந்திய வரலாற்றை எழுதிய ஆர்.எஸ். சர்மா பரௌனியில் பிறந்தவர். 1959-இல் கங்கையின் குறுக்கே ராஜேந்திர பாலம் திறக்கப்பட்டது. 1964-இல் சோவியத் உதவியுடன் பரௌனி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அனல்மின் நிலையமும் உரத் தொழிற்சாலையும் வந்தன. கம்யூனிஸ்ட் இயக்கம் வேரூன்றியிருந்ததால் 'பீகாரின் லெனின்கிராட்' என்றும் பெயர் பெற்றது. உரத் தொழிற்சாலை 1999-இல் மூடப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் துருப்பிடித்துக் கிடந்து, 2022-இல் புதிய ஆலையாக மீண்டும் உற்பத்தியைத் தொடங்கியது. இத்தனை புகைபோக்கிகள் இருந்தும், 2018-இல் நாட்டின் மிகப் பின்தங்கிய 112 மாவட்டங்களை மத்திய அரசு தேர்ந்தெடுத்தபோது பெகுசராய் மாவட்டமும் அவற்றில் ஒன்றாக இருந்தது. ஆலைகளின் புகை ஊருக்குள் இறங்குகிறது. வருவாய் ஊருக்குள் இறங்கவில்லை. சுத்திகரிக்கப்பட்ட எண்ணெயின் மீதான கலால் வரி தில்லிக்குப் போகிறது. விற்பனை வரியோ எண்ணெய் விற்கப்படும் மாநிலத்துக்குப் போகிறது. உள்ளூர் நகராட்சியின் பேரேட்டில் ஆலையின் நிழல்கூட அதிகம் விழுவதில்லை.

நான் வாடகைக்கு இருந்த அறை, ஓய்வு பெற்ற ஒரு தொழிலாளியின் வீட்டு மாடியில் இருந்தது. அவருடைய மனைவியை நான் 'சாச்சி' என்று அழைப்பேன். சித்தி என்பதற்கு அங்கே அதுதான் சொல். அவர் என்னைப் 'பேட்டி' என்பார். மகளே என்று பொருள். தமிழில் அதே ஒலியில் நேர்காணலுக்கு ஒரு சொல் உண்டு, நான் இங்கே வந்ததே அதற்குத்தான் என்று ஒருமுறை சொன்னேன். "அப்படியானால் கேள்வி கேட்டு முடிந்ததும் போய்விடுவாயா?" என்றார். சாச்சாவோ கட்ஹராவில் சுமை ஏற்றி இறக்கியவர். மீட்டர் கேஜ் பாதையும் பிராட் கேஜ் பாதையும் சந்தித்த அந்த யார்டில், ஒரு ரயிலின் சரக்கை இறக்கி மற்றொன்றில் ஏற்ற ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்ட காலம் இருந்தது. பாதைகள் எல்லாம் பிராட் கேஜ் ஆனபின் கைகளுக்கு வேலையில்லை. நிலக்கரியும் சிமெண்டும் இளமையில் நெஞ்சுக்குள் போனது போதாதென்று, இப்போது நவம்பர் முதல் பிப்ரவரி வரை அவர் இரவில் படுப்பதில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். படுத்தால் மூச்சு முட்டும். மருந்துக் கடைக்காரர் கொடுக்கும் இன்ஹேலரைச் சிக்கனமாக, இரண்டு நாளைக்கு ஒருமுறை இழுக்கிறார். 'தமா' என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார்கள். வயதானால் வருவது, குளிர்காலத்தில் கூடுவது. காற்றோடு அதைச் சேர்த்து அந்த வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மாசுக்குக் காரணம் எது என்று கேட்டால் ஒற்றை விடை கிடைக்காது. ஊரைச் சுற்றிலும் செங்கற்சூளைகள். மழைக்காலம் முடிந்ததும் எரியத் தொடங்கி, அடுத்த மழை வரை எரியும். சூளைகளைக் காற்று வளைந்து வளைந்து செல்லும் 'ஜிக்ஜாக்' முறைக்கு மாற்றச் சொல்லி உத்தரவு உண்டு. முறையாகக் கட்டி முறையாக நிலக்கரி போட்டால் புகை குறையும் என்பதும் உண்மை. ஆனால் அந்த 'முறையாக' என்பதைச் சரிபார்க்க எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள்? தேசிய நெடுஞ்சாலையில் ஓயாது லாரிகள். வீடுகளில் வறட்டியும் சோளத்தட்டையும் எரிகின்றன. எரிவாயு உருளை இருக்கிறது, நிரப்பப் பணம் வேண்டும். வண்டல் மண் மிகவும் மெல்லியது, ஒரு சைக்கிள் போனாலும் எழும். இவை போக, சமவெளி முழுவதன் புகையும் குளிர்காலத்தில் மேலே எழ முடியாமல் தாழ்வாகத் தேங்கி, மெல்லிய மேல்காற்றோடு கிழக்கே நகர்கிறது. உத்தரப் பிரதேசத்தின் புகை பீகாருக்கு வருகிறது, பீகாரின் புகை வங்காளத்துக்குப் போகிறது. காற்று நகராட்சி எல்லையைப் பார்த்து நிற்பதில்லை.

நிதி மட்டும் எல்லையைப் பார்த்து நிற்கிறது.

2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கப்பட்டது. எந்த நகரங்களுக்கு அது பொருந்தும் என்பதை முடிவு செய்ய, 2011 முதல் 2015 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் தேசிய வரம்பை மீறிய நகரங்கள் எவை என்று பார்த்தார்கள். வரம்பை மீறியதாகக் காட்ட வேண்டுமானால் அந்த ஆண்டுகளில் அங்கே ஒரு கண்காணிப்பு நிலையம் இருந்திருக்க வேண்டும். முதலில் 102 நகரங்கள். பிறகு கூட்டிக் கூட்டி 131. பீகாரிலிருந்து பாட்னா, கயா, முசாஃபர்பூர் என மூன்று. பெகுசராய் இல்லை. அளக்கப்படாத ஊர் சுத்தமான ஊராக எண்ணப்பட்டது என்று சொன்னால் அதிகாரிகள் கோபிப்பார்கள். அப்படி எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை என்பார்கள். எழுதப்படவில்லைதான். நிதி ஒதுக்கீடு மட்டும் அப்படி எழுதியது போலவே நடந்துகொண்டது.

தொகைகளைப் பாருங்கள். 2019-20 முதல் 2025-26 வரை இந்த 131 நகரங்களுக்கென மொத்தம் 19,711 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் 16,539 கோடி, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் 49 நகரங்களுக்கு, பதினைந்தாவது நிதிக்குழுவின் மானியமாக. மீதமுள்ள 3,172 கோடி, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வழியாக 82 நகரங்களுக்கு. சராசரி போட்டால் முதல் வகை நகரம் ஒன்றுக்குச் சுமார் 337 கோடி, இரண்டாம் வகைக்குச் சுமார் 39 கோடி, பட்டியலில் இல்லாத ஊருக்கு ஒன்றுமில்லை. பெரிய நகரத்தில் நுரையீரல்கள் அதிகம், ஆகவே பணமும் அதிகம் என்று வாதிடலாம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் பெகுசராயில் இரண்டரை லட்சம் நுரையீரல் இணைகள் இருக்கின்றன, அவற்றுக்குரிய விகிதப் பங்கு சுழியாக இருக்க முடியாது.

பத்து லட்சத்துக்குக் குறைந்த நகரங்களுக்கு நிதிக்குழு எதுவுமே தரவில்லையா என்றால், தந்தது. அந்த மானியத்தில் முப்பது விழுக்காடு குடிநீருக்கு, முப்பது விழுக்காடு துப்புரவுக்கும் குப்பை மேலாண்மைக்கும் என்று கட்டிப்போடப்பட்டது. நாற்பது விழுக்காடு உள்ளாட்சியின் விருப்பத்துக்கு. காற்றுக்கென்று ஒரு தலைப்பு இல்லை. அந்த நாற்பதிலிருந்து எடுத்துச் செலவிடலாமே என்று, நகர நிர்வாகப் பணிகளோடு தொடர்புடைய ஓர் இளம் பொறியாளரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "தீதி, எந்தத் தெருவின் சாக்கடையை நிறுத்திவிட்டு அதைச் செய்யச் சொல்கிறீர்கள்?" என்றார். என் ஆய்வுக் குறிப்பேட்டில் அதற்கு விடை இல்லை.

அவரே இன்னொன்றையும் சொன்னார். கடுங்குளிர் வந்தால் சந்திப்புகளிலும் ரயில் நிலைய வாசலிலும் 'அலாவ்' மூட்ட வேண்டும். ரிக்‌ஷாக்காரர்களும் வீடற்றவர்களும் குளிர்காயும் விறகுத் தீ. அதற்கு ஆணை வரும், விறகுக்குப் பணமும் வரும். அந்தத் தீ இல்லையென்றால் இரவில் உயிர் போகும். ஆக, குளிர்கால நச்சுக்காற்றுக்குள் தானே விறகை எரிக்க அரசு செலவு செய்கிறது, அதுவும் மிகச் சரியான காரணத்துக்காக. சாச்சாவும் மாலையில் அங்கேதான் போய் உட்காருகிறார். நெஞ்சுக்கு ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குள் அதைவிடக் குளிர்.

பட்டியலில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2024-ஆம் ஆண்டுக்கான அதே உலக அறிக்கையில் முதலிடம் பெற்றது, மேகாலய - அசாம் எல்லையிலுள்ள பர்னிஹாட் என்னும் சிறு தொழில் நகரம், 128.2 மைக்ரோகிராம். பர்னிஹாட் அந்த 131-இல் ஒன்று. திட்டத்துக்குள் இருந்தும் அந்த நிலை. ஏன் என்பதற்குத் தில்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வில் பாதி விடை இருக்கிறது. செலவழிக்கப்பட்ட நிதியில் 64 விழுக்காடு சாலைத் தூசிக்குப் போயிருக்கிறது: தார் போடுவது, பள்ளம் மூடுவது, தண்ணீர் தெளிப்பது, பெருக்கும் இயந்திரம் வாங்குவது. தொழிற்சாலை மாசுக்குச் செலவானது 0.61 விழுக்காடு. திட்டத்தின் வெற்றியை பி.எம். 10 என்னும் பெரிய துகளை வைத்தே அளக்கிறார்கள். ஆகவே பெரிய துகளைத் துரத்துவதுதான் நகராட்சிகளுக்கு லாபம். ஆழ்நுரையீரலுக்குள் போகும் நுண்துகள், புகையிலிருந்தும் வாயுக்களிலிருந்தும் பிறப்பது. பெருக்கி வாரி எடுக்கக்கூடியதன்று. பொதுவேலை ஒப்பந்தங்களுக்குப் பழகிய அமைப்பிடம் காற்றுக்கான பணத்தைக் கொடுத்தால் அது சாலையாகத்தான் வெளிவரும். இதில் எனக்கு வியப்பில்லை, எரிச்சல் உண்டு.

என் கருத்தில், நிதியைப் பிரிக்க வேண்டிய அலகு நகரமே அல்ல. கங்கைச் சமவெளி முழுவதையும் ஒரு காற்று மண்டலமாகக் கொண்டு, யார் எவ்வளவு மோசமான காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்ற கணக்கில் பணம் பகிரப்பட வேண்டும். அப்போதுதான் நகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கும் செங்கற்சூளைக்கும், அடுப்பில் எரியும் வறட்டிக்கு மாற்றாக எரிவாயு உருளையை நிரப்புவதற்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஆட்களைச் சேர்ப்பதற்கும் அதைச் செலவிட முடியும். சூளை ஆய்வாளர்கள் நான்கு பேரின் சம்பளம், ஒரு பெருக்கும் இயந்திரத்தைவிட அதிகத் துகளைக் குறைக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் இயந்திரத்தைக் கொடியசைத்துத் தொடங்கிவைக்கலாம். ஆய்வாளரை அப்படிச் செய்ய இயலாது.

அதுவரை, இருக்கும் விதியையே எடுத்துக்கொள்வோம். தொடர்ந்து ஐந்தாண்டுகள் வரம்பை மீறியதற்கான சான்று வேண்டும். பெகுசராய் உலகின் கண்ணில் பட்ட 2023-ஐ முதல் ஆண்டாக வைத்தால், ஐந்தாம் ஆண்டு முடிவது 2027 டிசம்பரில். 19,711 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட காலம் 2026 மார்ச்சோடு முடிகிறது.