சேவல் கூவிய நேரம்

அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவர் இறந்த பிறகு அலமாரியில் 20 டைரிகள் கிடைத்தன. ஆசையோடு இரண்டு மூன்றைப் புரட்டினேன். எத்தனை அங்குல மழை, எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், எத்தனை பவுண்டு பால். எங்களைப் பற்றி எதுவுமே இல்லை. கோபத்தில் மூட்டை கட்டிப் போட்டுவிட்டேன்.

அதை மறுபடி அவிழ்க்க வைத்தவர் ஸி என்ற சீன எழுத்தர். அண்மையில் நூலகப் புத்தகம் ஒன்றில் அவரைப் பற்றிப் படித்தேன். சீனா ஒரே பேரரசாவதற்கு முன், சின், சூ, ஹான், வெய் என்று பல அரசுகள் மோதிக்கொண்டிருந்த காலத்தவர். சின் அரசின் மாவட்ட அலுவலகங்களில் வேலை பார்த்தார். 1975ல் ஹூபெய் மாநிலத்தின் யுன்மெங்கில் அவருடைய கல்லறை தோண்டப்பட்டது. தலைமாட்டில், வலப்பக்கத்தில், வயிற்றின் மேல், காலடியில் என்று 1,100க்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள். பெரும்பாலும் சட்டங்கள்.

மழை பெய்தால் எவ்வளவு பயிர் பயனடைந்தது என்று உடனே எழுதி அனுப்ப வேண்டுமாம். தானியக் களஞ்சியத்தில் இரண்டு எலி வளை வரை கண்டிப்பு; மூன்றானால் அபராதம். மூன்று சுண்டெலி வளை ஓர் எலி வளைக்குச் சமம்! இப்படிக் கணக்குப் போட்ட மேலதிகாரியை நினைத்துச் சிரித்தேன். குனிந்து வளைகளை எண்ணிய எழுத்தரை நினைத்தபோது சிரிப்பு வரவில்லை.

அந்த ஏடுகளில் ஆண்டுவாரியான போர்க் குறிப்பும் இருந்தது. கி.மு. 262ல் சின் படை ஓர் ஊரைத் தாக்கியது. அதே ஆண்டுக்குக் கீழே, சேவல் கூவும் நேரத்தில் ஸி பிறந்தார் என்று ஒரு வரி. கி.மு. 231ல் தகப்பனார் மறைவு. கி.மு. 227ல் தாயார். இடையிடையே பிள்ளைகளின் பிறப்பு. அழுதாரா, மகிழ்ந்தாரா? ஒரு சொல்கூட இல்லை. படையெடுப்புகளுக்கு நடுவே, அதே நடையில், வீட்டையும் பதிந்து வைத்திருக்கிறார்.

அன்றிரவே மூட்டையை இறக்கி, நான் பிறந்த தேதியைத் தேடினேன். மழை 2 அங்குலம். பால்வெட்டு இல்லை. ஓரத்தில் பென்சிலால்: பெண் குழந்தை, காலை 4.40.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அஞ்சு மணியாவது இருக்கும்மா. அவரு அப்ப வெளியிலதானே நின்னாரு" என்றார்.