மரத்துக்கு வழிவிட்ட மதில்

வானொலியில் வேலை பார்ப்பவளுக்கு அமைதி என்றாலே பயம். ஒலிபரப்பில் ஐந்து விநாடி மௌனம் விழுந்தால் கை பதறிவிடும். நியூயார்க்கில் வசிக்கும் தோழி, "ஒரு நாளாவது பேசாமல் நட" என்று கேலி செய்துகொண்டே காரில் அழைத்துப் போனாள். நகரத்துக்கு வடக்கே, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணம். ஹட்சன் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஸ்டார்ம் கிங் கலை மையம். சுமார் 500 ஏக்கர் புல்வெளியும் காடும். நடுநடுவே பெரிய பெரிய சிற்பங்கள்.

நான் பார்க்க ஆசைப்பட்டது ஒரு கல் மதிலை. பிரிட்டிஷ் கலைஞர் ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி 1997, 1998ஆம் ஆண்டுகளில் உருவாக்கியது. நீளம் 2,278 அடி. அந்த நிலத்திலேயே திரட்டிய கற்கள். சிமெண்ட் கிடையாது. கல்லைக் கல்லே தாங்கி நிற்கிறது. பிரிட்டனிலிருந்து வந்த கைதேர்ந்த தொழிலாளர்கள் அடுக்கியது.

முன்பு அங்கே ஒரு பண்ணை மதில் இருந்து, இடிந்துபோனது. அதையொட்டி மரங்கள் வளர்ந்துவிட்டன. புதிய மதில் அந்தப் பழைய தடத்திலேயே போகிறது. ஆனால் மரங்களை வெட்டாமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து சுற்றிக்கொண்டு போகிறது. முதலில் 750 அடிதான் திட்டமாம். பிறகு குளம்வரை நீண்டு, தண்ணீருக்குள் இறங்கி, மறுகரையில் எழுந்து, நேராக மேடேறி நெடுஞ்சாலை ஓரத்தில் முடிகிறது.

அந்த வளைவுகளில் நடந்தபோது எங்கள் கிள்ளான் வீடுதான் நினைவுக்கு வந்தது. அப்பா போன பிறகு, பின்பக்கம் மதில் எழுப்ப வேண்டும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கிறார். குறுக்கே நிற்பது அப்பா நட்ட ரம்புத்தான் மரம். "நேராகக் கட்டினால்தான் இடம் வீணாகாது" என்பது அவர் கட்சி. வெட்டக் கூடாது என்பது என் கட்சி. இரண்டு மாதமாகச் சரியான பேச்சு இல்லை.

மதிலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அண்ணா, இப்படி வளைத்துக் கட்ட முடியுமா?"

மறுநாள் பதில் வந்தது: "செலவு கூடும். வந்து பேசு."

அது போதும் எனக்கு.

நீங்கள் போவதாக இருந்தால், குளிர்காலத்தில் மூடியிருக்கும். திறப்பு நாட்களை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நடக்க நல்ல காலணி அவசியம். பிள்ளைகளை மதில்மேல் ஏற விடாதீர்கள். கூடவே நடந்து, எத்தனை மரங்களைச் சுற்றிப் போகிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.