தட்டுவது ஈஸி, காத்திருப்பதுதான் கஷ்டம்! அயர்லாந்து தீவில் 'பவ்ரான்' வகுப்பு

அயர்லாந்தின் மேற்குக் கரையில் டூலின் துறையில் படகேறினால் இனிஷீர் போய்விடலாம். மூன்று ஆரன் தீவுகளில் இதுதான் சின்னது. எங்கு பார்த்தாலும் கல் வேலி. 1960-ல் கரை தட்டிய 'பிளாஸி' கப்பல் இன்னும் துருப்பிடித்துக் கிடக்கிறது. இந்தக் குட்டித் தீவு, கோடையில் நடக்கும் 'கிராக்கன்' பவ்ரான் முகாமுக்குப் பேர்போனது. ஐரிஷ் மொழியில் கிராக்கன் என்றால் தோல்.

பவ்ரான் என்பது சல்லடை போன்ற மர வளையத்தின் ஒரு பக்கம் ஆட்டுத்தோல் கட்டிய கைமேளம். 1960-களில் ஷான் ஓ ரீடாவின் குழுதான் இதைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தது.

இடது தொடையில் மேளத்தை நிறுத்தி, இடது கையைப் பின்பக்கம் விட்டுத் தோலை அழுத்த வேண்டும். அழுத்த அழுத்த ஸ்ருதி ஏறும். வலது கையில் சிறு குச்சி. விரலில் ஒட்டிய தண்ணீரை உதறுவது போல மணிக்கட்டு மட்டும் சுழல வேண்டும். புதியவர்களோ தோளிலிருந்தே அடிப்பார்கள். குச்சி பறந்துபோவதெல்லாம் சகஜம்! 'ஜிக்' பாட்டுக்கு ஆறு ஆறாக எண்ண வேண்டும், 'ரீல்' என்றால் நாலு நாலாக.

ஆனால் நிஜப் பரீட்சை ராத்திரி பப்பில்தான். ஃபிடில்காரர்களும் புல்லாங்குழல்காரர்களும் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு பவ்ரான் போதும் என்பது எழுதாத விதி. தாளம் பிசகிய ஒரு மேளம் மொத்தப் பாட்டையும் கவிழ்த்துவிடுமே! ஐரிஷ் இசைக்காரர்களின் கிண்டலில் அதிகம் மாட்டுவதும் பாவம், இந்த வாத்தியம்தான்.

கற்றதை வாசித்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். இருந்தாலும் மேளத்தை மடியில் வைத்து, காலால் மட்டும் தாளம் போட்டபடி காத்திருக்க வேண்டும். வாசிப்பவர் குச்சியைக் கீழே வைத்து, இந்தப் பக்கம் பார்த்துத் தலையசைத்தால் மெதுவாக ஆரம்பிக்கலாம்.