வௌவால் வீரனின் நோன்பு

வீரன் என்றால் பகைவரைக் கொன்று வாகை சூடுபவன் என்றே நம் பழங்கதைகள் பலவும் காட்டும். இராமன் கணையால் இராவணன் மாண்டான். வீமன் கதாயுதத்தால் துரியோதனன் வீழ்ந்தான். இக்காப்பியங்களிலேயே காலம் கழித்த எனக்கு, அமெரிக்கப் படக்கதைகளில் வரும் பேட்மேன் என்னும் வௌவால் வேட வீரன் பெருவியப்பை அளித்தான். பகைவரை அவன் அடிப்பான், கட்டுவான், காவலரிடம் ஒப்படைப்பான், கொல்லான்.

மாணவர்களே, அந்நோன்பு அவனுடன் பிறந்ததன்று. பாப் கேன், பில் ஃபிங்கர் என்னும் இருவர் 1939-ஆம் ஆண்டில் அவனைப் படைத்தபோது, முதற்கதையிலேயே அவன் விட்ட குத்தினால் பகைவன் ஒருவன் அமிலத் தொட்டிக்குள் வீழ்ந்து மாண்டான். அதற்காக அவன் வருந்தவுமில்லை. 1940-இல் வந்த கதையொன்றில் வானூர்தியிலிருந்து இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டான். சிறுவர் படிக்கும் இதழுக்கு இது தகாது எனக் கண்ட பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த், இனி அவன் கொல்லலாகாது, துப்பாக்கி ஏந்தலாகாது எனக் கட்டளையிட்டார். அவ்வாண்டிலேயே தோன்றிய ஜோக்கர் என்னும் கொடியவன் கதை முடிவில் இறப்பதாக இருந்தது; அவனைப் பிழைக்க வைத்தவரும் அவரே. நல்ல பகைவன் ஒருவன் கிடைத்தால் இதழ் நடத்துவோர் எளிதில் விடுவரோ? அறமும் வாணிகமும் கலந்தே இந்நோன்பு பிறந்தது போலும்.

நிற்க. பின்வந்தோர் இக்கட்டளையை அவ்வீரனின் உள்ளத்தோடு பொருத்தினர். இளமையில் தன் கண்ணெதிரே பெற்றோர் இருவரும் கள்வன் ஒருவனால் சுடப்பட்டு இறக்கக் கண்டவன் அவன். ஆதலின் உயிரைப் பறிக்கும் செயலையே வெறுத்தான் என்றனர்.

இந்நோன்புக்குக் கடுஞ்சோதனை 1988-ஆம் ஆண்டில் நேர்ந்தது. அவனுக்குத் துணைவனாயிருந்த சிறுவன் ஜேசன் டாட் பிழைப்பதா, இறப்பதா என்பதைத் தொலைபேசி வாயிலாக முடிவு செய்யுமாறு வெளியீட்டார் வாசகரைக் கேட்டனர். இறக்கட்டும் என்றன 5,343 அழைப்புகள். பிழைக்கட்டும் என்றன 5,271. எழுபத்திரண்டே அழைப்புகளின் வேறுபாட்டால் ஜோக்கர் கையில் அச்சிறுவன் மடிந்தான். கற்பனைச் சிறுவனே எனினும், வாக்கெடுத்து அவனை மாய்த்தது எனக்கு உவப்பாயில்லை.

“தாத்தா, ஜோக்கரை முன்பே கொன்றிருந்தால் அவன் பிழைத்திருப்பானே!” என்றான் என் பேரன். எளிதில் தள்ளத்தக்க வினா அன்று அது. இராமனும் வீமனும் அரச குலத்தவர். ஊரறியப் போர் புரிந்தோர். பேட்மேனோ முகத்தை மறைத்தவன். அவனை நியமித்தவர் யாருமிலர். அவன் தவறினால் கேட்பாரும் இலர். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் தன் பக்கத்தை எடுத்துரைக்கலாம். தீர்ப்புப் பிழையாயின் மேல்முறையீடு செய்யலாம். நள்ளிரவில் தனி ஒருவன் தன் கையாலேயே அளிக்கும் தீர்ப்புக்கு மேல்முறையீடு ஏது? ஆதலின் பிடித்துக் கொடுப்பதோடு அவன் நிற்றல் வேண்டும் என்றேன். ஜோக்கரை அடைத்து வைக்கும் ஆர்க்காம் மனநோய் விடுதியினின்று அவன் ஓயாது தப்புகிறான் என்றால், அதன் கதவைச் செப்பனிடுவது அந்நகரை ஆள்வோரின் கடன். அதற்காகப் பிடித்துக் கொடுத்தவனைக் கொலைஞனாக்குவதா?

மாண்ட ஜேசன், 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த கார்ட்டூன் திரைப்படம் ஒன்றில், உயிருடன் மீண்டு வந்து, ஜோக்கரை ஏன் இன்னும் விட்டு வைத்தாய் என்று வினவுகிறான். பேட்மேன் நீதிமன்றத்தைப் பற்றி ஏதும் பேசவில்லை. கொல்வது அரிதன்று, மிக எளிது. அவ்வழியில் ஒருமுறை அடி வைத்தால் மீள இயலாது என்றே விடை கூறுகிறான். தன் உள்ளத்தை மறைக்காமல் கூறிய விடைதான். ஆயினும் உயிரை இழந்து வந்தவனுக்கு அது போதுமா? ஜேசனின் சினம் அதனால் தணியவில்லை.