நாலில் மூன்று பங்கு

விண்டோஸ் சர்வர் 2003-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2015 ஜூலையோடு முடிந்துவிட்டது. ஆனாலும் அதன் கணக்கு ஒன்று என் மனசைவிட்டுப் போகவில்லை.

32 பிட் சிஸ்டத்தில் ஒரு புரோகிராமுக்கு எட்டும் முகவரிகள் மொத்தம் 4 ஜிபி. வழக்கமாக அதில் 2 புரோகிராமுக்கு, 2 கெர்னலுக்கு. பூட்.ஐஎன்ஐ ஃபைலில் ‘/3ஜிபி’ என்று சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால் புரோகிராமுக்கு 3, கெர்னலுக்கு 1. மொத்தம் கூடவில்லை, பங்குதான் மாறியது. டிஸ்க், நெட்வொர்க் எல்லாவற்றையும் கெர்னல் அந்த ஒன்றுக்குள்ளேயே சமாளிக்கணும்.

எங்க வீடும் அப்படித்தான். திருவாலங்காட்டில் அப்பா கரும்பு வெட்டும் கூலி. என் ஃபீஸும் ரயில் பாஸும் போக மிச்சத்தில்தான் வீடு ஓடுது. அக்கா எட்டாவதோடு நின்னுட்டா. “நீ படிடா, நாங்க பாத்துக்கறோம்” என்பாங்க அம்மா.

2 ஜிபிக்கு மேல் கையாளும்படி தயாரித்த புரோகிராமுக்குத்தான் அந்த மூன்றாவது ஜிபி பயன்படும். மற்றதற்குக் கொடுத்தும் வீண். கெர்னலுக்குக் குறைந்தது குறைந்ததுதான். அதனால்தான் நான் ஒரு நாளும் லேபுக்கு மட்டம் போடுவதில்லை.

வீட்டில் முதல் ஆளாய்ப் படிக்க வந்த நண்பர்களே, உங்கள் கூடுதல் ஒன்று யாரிடமிருந்து வந்தது? அடுத்த வருஷம் அக்காவைத் தனித்தேர்வராகப் பத்தாவது எழுத வைக்கப்போறேன். பங்கை மாற்றி எழுதலாம், பூட்.ஐஎன்ஐ வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தானே!