பனங்கொட்டை

பழத்தை உண்டபின் கொட்டையை எறிந்துவிடுவது உலக வழக்கு. பனைக்கு அவ்வழக்குப் பொருந்தாது. அதன் இளவித்தே நுங்காகி வேனில் வெப்பத்தைத் தணிக்கின்றது. பழுத்த பனம்பழத்துள் பெரும்பாலும் மூன்று கொட்டைகள் இருக்கும்.

அக்கொட்டைகளை மணற்பாங்கான பாத்தியில் நெருக்கமாகப் பரப்பி மண்ணால் மூடுவர். பனையின் முளை குருத்தையும் தன்னுள் தாங்கிக்கொண்டு நிலத்தினுள் ஆழ இறங்கும். அங்கே திரண்டு தடிப்பதே பனங்கிழங்கு. முளைத்த கொட்டையைப் பிளந்தால் வெண்ணிறமான தவண் கிடைக்கும். யாழ்ப்பாணத்தார் அதனைப் பூரான் என்பர். கிழங்கை உலர்த்தி ஒடியலாக்கி, அதன் மாவால் கூழ் சமைப்பர். சென்னையைச் சூழ்ந்த ஊர்களிலும் தை மாதத்தில் கிழங்கு கட்டுக்கட்டாக விலைக்கு வரும்.

ஆனால், தோண்டியெடுத்து உண்ட கிழங்கு மரமாவதில்லை. எல்லாக் கொட்டைகளையும் கிழங்காக்கிவிட்டால், நாளை நுங்குக்கு எங்கே செல்வது? வயல்கள் மனைகளாக மாறிவரும் ஆவடிப் பக்கத்து வெள்ளானூர் போன்ற ஊர்களில் இவ்வினா எளியதன்று. தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டு வேளாண்மை வரவுசெலவுத் திட்டத்தில், 30 மாவட்டங்களில் 76 இலட்சம் பனங்கொட்டைகளை வழங்குவதாக அறிவித்தது இதனை உணர்ந்தே ஆகும்.

பனை காய்க்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். அது ஆணா பெண்ணா என்பதும் பாளை விட்ட பின்னரே விளங்கும். ஆண்பனை நுங்கு தாராதெனினும், ஓலையும் பதநீரும் தரும். ஆகவே, கிழங்குக்காக நூறு கொட்டை புதைப்போர், மழைக்கு முன் ஏரிக்கரையில் பத்தேனும் ஊன்றுதல் வேண்டும். கிழங்கு இன்றைய பசிக்கு. மரமோ இனிப் பிறப்போர்க்கு.